ஆர் எங்கே ஓடும்? வலைப்பக்கத்தில் புள்ளியியல் மொழியைப் பொருத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

புள்ளியியல் கணக்குகளுக்காக ஆர் மொழியைக் கற்றவர்களுக்கு விரைவிலேயே ஓர் ஆசை வந்துவிடுகிறது. தம் கணினியில் வரைந்த படத்தைப் பிறரும் பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது, அவர்களே ஒரு மதிப்பை மாற்றிப் படம் எப்படி மாறுகிறது என்று அறிய வேண்டும். முதல் தடை அங்கேதான் இருக்கிறது. வலை உலாவிக்கு ஆர் தெரியாது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், வெப்அசெம்ப்ளி (பிற மொழி நிரல்களை உலாவிக்குள் ஓட்ட உதவும் வடிவம்) ஆகியவையே அதற்குத் தெரிந்தவை. ஆகவே வலைப்பக்கத்தில் ஆரைப் பொருத்த விரும்புபவர், அந்த ஆர் யாருடைய கணினியில் ஓடப்போகிறது என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லியாக வேண்டும். இதைத் தீர்மானிக்காமல் நிரல் எழுதத் தொடங்கியவர்கள் பாதி வழியில் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி எழுதுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நானும் அப்படிக் கலைத்து எழுதியவன்தான்.

விடைகள் மூன்று உள்ளன. ஆர் உங்கள் கணினியிலேயே முன்கூட்டி ஓடி முடிந்து, அதன் விளைவு மட்டும் வலைக்குப் போகலாம். ஒரு சேவையகத்தில் ஆர் எந்நேரமும் விழித்திருந்து, வாசகர் கேட்கும்போதெல்லாம் கணக்கிட்டுத் தரலாம். அல்லது ஆர் முழுவதும் வாசகரின் உலாவிக்குள் இறங்கி அங்கேயே ஓடலாம். செலவு, வேகம், பாதுகாப்பு, பராமரிப்பு ஆகிய எல்லாமே இந்தத் தேர்வைப் பொறுத்தே அமையும்.

தொடங்குமுன் ஒரு குறிப்பு: ஆணைகளின் பெயர்களை இக்கட்டுரையில் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை ஆர் கண்டிப்பாகப் பார்க்கும். ரெண்டர்பிளாட் போன்ற, பின்னால் வரும் ஷைனி தொகுப்பின் கூட்டுப் பெயர்களில் இரண்டாம் சொல்லின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருப்பது வழக்கம்.

உயிருள்ள ஆர் உண்மையிலேயே வேண்டுமா?

பலருக்கு வேண்டியதில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது, ஒரு புள்ளியின் மேல் சுட்டியை வைத்ததும் அதன் மதிப்புத் தெரிவது, அட்டவணையை வரிசைப்படுத்தித் தேடுவது, நிலப்படத்தை நகர்த்துவது ஆகியவற்றை எல்லாம் ஜாவாஸ்கிரிப்டே செய்துவிடும். எச்டிஎம்எல்விட்ஜெட்ஸ் என்ற தொகுப்பை அடித்தளமாகக் கொண்ட பிளாட்லி (படங்கள்), லீஃப்லெட் (நிலப்படங்கள்), டிடி (அட்டவணைகள்) போன்ற தொகுப்புகள், ஆர் நிரலிலிருந்தே இத்தகைய பக்கக் கூறுகளை உருவாக்கித் தருகின்றன. உருவாக்கியதை சேவ்விட்ஜெட் என்ற செயற்கூறால் (ஃபங்ஷன்) ஒரே எச்டிஎம்எல் கோப்பாகச் சேமித்துச் சாதாரண வலைத்தளத்தில் ஏற்றிவிட்டால், அதன்பின் ஆர் தேவைப்படாது. எழுத்தையும் நிரலையும் கலந்து ஆவணம் உருவாக்கும் கருவியான குவார்ட்டோவில் எழுதும் ஆவணத்துக்குள்ளும் இவற்றை அப்படியே வைக்கலாம்.

எது வேண்டும் என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வாசகர் தரப்போகும் மதிப்புகள் அனைத்தையும் நீங்கள் முன்கூட்டியே பட்டியலிட முடியுமா என்று பாருங்கள். மூன்று ஆண்டுகள், நான்கு பிரிவுகள் என்று தேர்வுகள் இருந்தால், பன்னிரண்டு படங்களை இன்றே வரைந்து வைத்துவிடலாம். அதற்காக ஒரு சேவையகத்தை நாள் முழுவதும் விழித்திருக்க வைப்பது வீண். வாசகர் தம் சொந்தத் தரவைப் பதிவேற்றுகிறார், தாமே மாதிரியின் அளவைத் தட்டச்சு செய்கிறார், அல்லது நிரலையே திருத்துகிறார் என்றால் மட்டுமே உயிருள்ள ஆர் தேவை.

கணக்கைத் தனியே எழுதுங்கள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் பக்கத்தைப் பற்றி மறந்துவிட்டு, கணக்கை மட்டும் ஒரு செயற்கூறாக எழுதுவதே முதல் படி. அது உள்ளீட்டை வாங்கி விளைவைத் தர வேண்டும். எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியவே கூடாது. பிற்பாடு சேவையகத்திலிருந்து உலாவிக்கு மாற நேர்ந்தால் இந்தப் பகுதி அப்படியே உங்களுடன் வரும்.

எடுத்துக்காட்டாக ஆருடன் கூடவே வரும் ஃபெய்த்ஃபுல் என்ற தரவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்று எவ்வளவு நேரம் பீறிட்டது, அடுத்த பீறிடலுக்கு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது என்ற இரு அளவுகள் 272 வரிசைகளாக அதில் உள்ளன. காத்திருப்பு நேரம் 43 நிமிடம் முதல் 96 நிமிடம் வரை பரவியிருக்கிறது. இதற்கு ஹிஸ்டோகிராம் எனப்படும் நிகழ்வுச் செவ்வகப் படம் வரைந்து, செவ்வகங்களின் எண்ணிக்கையை வாசகரே மாற்றும்படி செய்வது நம் நோக்கம். செவ்வகங்கள் இரண்டு மட்டும் என்றால், இடமிருந்து வலமாக ஏறும் இரு படிகளே தெரியும். பன்னிரண்டு பதினைந்து என்று கூட்டினால் 55 நிமிடத்தருகே ஒரு மேடும் 80 நிமிடத்தருகே ஒரு மேடும் எழுந்து, நடுவில் ஒரு பள்ளம் விழும். ஐம்பதுக்குக் கொண்டுபோனால் மேடுகள் சிதறிப் பற்கள் போலாகிவிடும். எண்ணிக்கையைத் தேர்பவரின் கை படத்தில் எவ்வளவு விளையாடுகிறது என்பதை ஒரு பத்தியில் விளக்குவதைவிட, வாசகரையே நகர்த்திப் பார்க்கவிடுவது எளிது.

இங்கே புதியவர்கள் அனைவரும் விழும் குழி ஒன்று உண்டு. ஹிஸ்ட் என்ற செயற்கூறுக்கு பிரேக்ஸ் என்ற உள்ளீட்டில் வெறும் எண்ணைக் கொடுத்தால், அதை ஆர் ஒரு பரிந்துரையாக மட்டுமே எடுத்துக்கொண்டு, எல்லைகள் 40, 45, 50 என்று அழகான எண்களில் விழும்படி தானே திருத்திக்கொள்ளும். ஆகவே வாசகர் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு நகர்த்தினாலும் படம் அசையாமல் இருக்கலாம். பக்கம் பழுதடைந்துவிட்டது என்று அவர் நினைப்பார். சரியான வழி, மிகச் சிறிய மதிப்பிலிருந்து மிகப் பெரிய மதிப்பு வரை செக் என்ற செயற்கூறால் சம இடைவெளி எல்லைகளை நாமே உருவாக்கிக் கொடுப்பது. n செவ்வகங்களுக்கு n + 1 எல்லைகள் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. வேலிக்கம்பங்களின் எண்ணிக்கை இடைவெளிகளைவிட ஒன்று கூடுதல்தானே.

சேவையகத்தில் ஓடும் ஆர்: ஷைனி

2012இல் வெளியான ஷைனி தொகுப்பு, ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட எழுதாமல் ஊடாடும் பக்கம் அமைக்க உதவுகிறது. ஷைனிப் பயன்பாடு ஒன்றில் இரு பகுதிகள் இருக்கும். முதலாவது பக்கத்தின் தோற்றம்: ஃப்ளூயிட்பேஜ் என்ற செயற்கூறுக்குள் ஸ்லைடர்இன்புட், பிளாட்அவுட்புட் ஆகிய இரண்டையும் காற்புள்ளியிட்டு எழுதினால் போதும். ஸ்லைடருக்கு ஓர் அடையாளப் பெயர், வாசகருக்குத் தெரியும் தலைப்பு, குறைந்த மதிப்பு 1, கூடிய மதிப்பு 50, தொடக்க மதிப்பு 15 ஆகியவற்றைத் தர வேண்டும். இரண்டாவது, சர்வர் என்ற பெயரில் நாம் எழுதும் செயற்கூறு. அதற்கு இன்புட், அவுட்புட் என்ற இரண்டும் வந்து சேரும். அதற்குள் அவுட்புட்டில் படத்தின் அடையாளப் பெயரைக் குறித்து, அதற்கு ரெண்டர்பிளாட் செயற்கூறின் விளைவை அளித்து, நாம் முன்னரே எழுதிய கணக்கை அதற்குள் அழைக்க வேண்டும். இறுதியில் ஷைனிஆப் என்ற செயற்கூறிடம் இரண்டையும் ஒப்படைத்து, முழுவதையும் ஆப் என்ற பெயரில் ஆர் நீட்சியுடன் ஒரு கோப்பாகச் சேமித்தால் வேலை முடிந்தது.

இதில் மனத்தில் பதிய வேண்டியது, ஸ்லைடர் நகர்ந்ததும் படத்தை மறுபடி வரை என்று நாம் எங்குமே ஆணையிடவில்லை என்பது. ரெண்டர்பிளாட்டுக்குள் இன்புட்டின் மதிப்பு ஒன்றைப் படித்தவுடனேயே, இந்தப் படம் அந்த மதிப்பைச் சார்ந்தது என்று ஷைனி குறித்துக்கொள்கிறது. மதிப்பு மாறும்போது தானே திரும்ப ஓட்டுகிறது. அதனால்தான் ரெண்டர், ரியாக்டிவ் போன்ற செயற்கூறுகளுக்கு வெளியே இன்புட்டைப் படிக்க முயன்றால் பிழை வருகிறது. ஒரே கணக்கு இரண்டு படங்களுக்கும் ஓர் அட்டவணைக்கும் தேவைப்பட்டால், அதை ரியாக்டிவ் ஒன்றுக்குள் வைத்து மூன்று இடங்களிலும் அழைக்கலாம். கணக்கு ஒருமுறைதான் நடக்கும்.

பிழைச் செய்தியே வராத பிழைகளே அதிகம் வருத்துகின்றன. தோற்றப் பகுதியில் படத்துக்கு ஒரு பெயரும் சர்வர் பகுதியில் ஓர் எழுத்து மாறிய பெயரும் இருந்தால், ஷைனி எதுவும் சொல்லாது. படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான். வெற்றிடத்தைக் கண்டால் முதலில் அடையாளப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, எதை எங்கே எழுதுவது என்ற கேள்வி. சர்வர் செயற்கூறுக்குள் எழுதுபவை ஒவ்வொரு வாசகர் நுழையும்போதும் தனித்தனியாக ஓடும். அதற்கு வெளியே, கோப்பின் தலைப்பகுதியில் எழுதுபவை ஆர் தொடங்கும்போது ஒருமுறை ஓடி, எல்லா வாசகருக்கும் பொதுவாக இருக்கும். பெரிய தரவுக் கோப்பைப் படிக்கும் வரியை நான் ஒருமுறை ரெண்டர்பிளாட்டுக்குள்ளேயே விட்டுவிட்டேன். ஸ்லைடரை ஒவ்வொரு முறை அசைத்தபோதும் முழுக் கோப்பும் புதிதாகப் படிக்கப்பட்டது. மாறாத தரவு வெளியே இருக்க வேண்டும். வாசகரைச் சார்ந்த எதுவும் உள்ளே இருக்க வேண்டும். இரட்டைச் சிறு அம்புக் குறியால் (<<-) உள்ளிருந்து வெளி மாறியை மாற்றுவதைத் தவிருங்கள். அப்படி மாற்றினால் ஒருவர் தேர்ந்த வடிகட்டல் இன்னொருவரின் திரையில் தோன்றும். தனியாகச் சோதிக்கும்போது இது ஒருபோதும் கண்ணில் படாது.

ஆர் 1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரால் உருவாக்கப்பட்டது. ஒருவர் ஒரு மேசையில் அமர்ந்து தரவை ஆராய்வதற்கான கருவியாகவே அது வளர்ந்தது. அந்தப் பிறவிக் குணம் வலையில் வெளிப்படும். ஓர் ஆர் செயல்முறை ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். ஒரு வாசகரின் கணக்குப் பத்து விநாடி எடுத்தால், அதே செயல்முறையில் இருக்கும் மற்றவர்கள் அனைவரும் பத்து விநாடி காத்திருப்பார்கள். இதற்கு மருந்துகள் உண்டு. கணக்கின் விளைவை பைண்ட்கேஷ் மூலம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஸ்லைடரை இழுக்கும்போது இடையில் வரும் மதிப்புகளை டிபவுன்ஸ் மூலம் தவிர்க்கலாம். கனமான கணக்குக்கு ஒரு பொத்தானை வைத்து, அழுத்தினால் மட்டும் ஓட்டலாம். என் அனுபவத்தில் இந்தக் கடைசி வழியே எளியதும் வாசகருக்குப் புரிவதும் ஆகும்.

பக்கத்துக்குள் கொண்டுவருதல்

ஷைனிப் பயன்பாடு தனி முகவரியில் ஓடும். அதை நீங்கள் எழுதும் கட்டுரைக்கு நடுவே காட்ட ஐஃப்ரேம் என்ற எச்டிஎம்எல் குறிச்சொல்லே போதும்: முகவரி, அகலம் 100 விழுக்காடு, உயரம் இத்தனை பிக்சல் என்று மூன்று விவரங்களைத் தர வேண்டும். உயரத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். உள்ளே இருப்பது சட்டத்தைவிட நீளமானால் பக்கத்துக்கு ஒன்றும் சட்டத்துக்கு ஒன்றுமாக இரண்டு உருள்பட்டைகள் தோன்றி, கைப்பேசியில் விரல் எதை நகர்த்துகிறது என்றே தெரியாமல் போகும். உங்கள் பக்கம் எச்டிடிபிஎஸ் முகவரியில் இருந்தால் பயன்பாடும் அதே முறையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உலாவி அதைக் காட்ட மறுத்துவிடும்.

எங்கே ஏற்றுவது என்பதற்கு, ஷைனிஆப்ஸ் போன்ற ஆயத்த சேவைகளில் கணக்குத் தொடங்குவது புதியவருக்கு எளிது. சொந்த லினக்ஸ் கணினி இருந்தால் ஷைனி சர்வரை நிறுவலாம். இயல்பாக அது 3838ஆம் வாயிலில் (போர்ட்) காத்திருக்கும். முன்னால் எஞ்சின்எக்ஸ் போன்ற இடைநிலைச் சேவையகத்தை வைப்பவர்கள், உலாவிக்கும் ஷைனிக்கும் இடையே திறந்தே இருக்கும் வெப்சாக்கெட் இணைப்பைக் கடத்திவிடும்படி அதைத் தனியே அமைக்க வேண்டும். ஷைனியின் உயிர்நாடி அந்த இணைப்புதான். அது அறுந்தால் பக்கம் சாம்பல் நிறமாக மங்கி நின்றுவிடும்.

பக்கத்தின் தோற்றம் முழுவதும் உங்கள் ஜாவாஸ்கிரிப்டில் இருந்து, எண்கள் மட்டும் ஆரிலிருந்து வர வேண்டுமானால் ஷைனியைவிட பிளம்பர் தொகுப்பு பொருந்தும். செயற்கூறின் மேல் சிறப்புக் குறிப்பு வரிகளை எழுதினால், அது வலை முகவரியாக மாறிவிடும். அதில் இரண்டை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். முகவரி வழியாக வரும் மதிப்பு இயல்பாக எழுத்துச் சரமாகவே வரும். 15 என்று அனுப்பினாலும் அதனுடன் ஒன்றைக் கூட்ட முயன்றால் பிழைதான், முதலில் எண்ணாக மாற்ற வேண்டும். திரும்பிப் போகும்போது, ஆரில் ஒற்றை எண்ணும் ஒரு வரிசையே என்பதால், தரவைப் பரிமாறும் எழுத்து வடிவமான ஜேசானில் அது சதுர அடைப்புக்குறிக்குள் போய்ச் சேரும். வெறும் எண்ணாக வேண்டுமானால் அன்பாக்ஸ்டு ஜேசான் என்ற முறையைக் குறிப்பிட வேண்டும்.

உலாவிக்குள் ஓடும் ஆர்

2023இல் வெளியான வெப்ஆர், ஆரின் மூல நிரலையே வெப்அசெம்ப்ளியாக மாற்றி உலாவிக்குள் ஓட வைக்கிறது. அதன்மேல் அமைந்த ஷைனிலைவ், ஷைனிப் பயன்பாட்டைச் சேவையகமே இல்லாமல் ஓட்டுகிறது. நடைமுறை எளிது: ஷைனிலைவ் தொகுப்பை நிறுவி, எக்ஸ்போர்ட் என்ற செயற்கூறுக்கு உங்கள் பயன்பாட்டின் கோப்புறையையும் வெளியீட்டுக் கோப்புறையையும் கொடுத்தால், இரண்டாவதில் நிலையான கோப்புகள் உருவாகும். கிட்ஹப் பேஜஸ் போன்ற எந்தச் சாதாரணத் தளத்திலும் அவற்றை ஏற்றலாம். உருவான கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் மட்டும் ஓடாது. உங்கள் கணினியில் சோதிக்க, எச்டிடிபியூவி தொகுப்பிலுள்ள ரன்ஸ்டாடிக்சர்வர் மூலம் அந்தக் கோப்புறையைத் திறக்க வேண்டும்.

சேவையகச் செலவு இல்லை, எத்தனை பேர் வந்தாலும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஏனெனில் ஒவ்வொருவரின் கணக்கும் அவரவர் கணினியில் நடக்கிறது. விலை வேறு இடத்தில் கொடுக்கப்படுகிறது. முதல் வருகையில் ஆர் முழுவதும் பதிவிறங்கும்வரை வாசகர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இடத்தில் ‘ஏற்றப்படுகிறது’ என்றாவது எழுதிவையுங்கள். எல்லாத் தொகுப்புகளும் இங்கே கிடைக்காது. வெப்அசெம்ப்ளிக்கென முன்பே மாற்றப்பட்டவை மட்டுமே இறங்கும். ஆகவே நிரல் எழுதும் முன்பே உங்களுக்குத் தேவையான தொகுப்புகள் அங்கே உள்ளனவா என்று பார்த்துவிடுவது நல்லது. தரவுத்தளத்துடன் நேரடி இணைப்பும் எதிர்பார்க்க முடியாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, உங்கள் நிரலும் தரவும் முழுமையாக வாசகரின் கைக்குப் போய்விடுகின்றன. கடவுச்சொல், தனிநபர் விவரம், வெளியிட உரிமையில்லாத தரவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழி மூடப்பட்டதாகக் கொள்ளுங்கள்.

ஆனால் ஆர் கற்பிப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பேன். குவார்ட்டோ ஆவணத்தில் குவார்ட்டோ லைவ் நீட்சியைச் சேர்த்து, நிரல் கட்டத்தின் தலைப்பில் ஆர் என்பதற்குப் பதிலாக வெப்ஆர் என்று எழுதினால், வாசகர் அந்த நிரலைப் பக்கத்திலேயே திருத்தி ஓட்டலாம். அவர் எதைத் தட்டச்சு செய்தாலும் பாதிப்பு அவருடைய உலாவித் தாவலோடு நின்றுவிடும்.

அதையே சேவையகத்தில் செய்ய ஒருபோதும் முயலாதீர்கள். வாசகர் தரும் எழுத்துகளை பார்ஸ் செய்து இவால் மூலம் ஓட்டும் ஒரே ஒரு வரி, உங்கள் கணினியின் சாவியை அந்நியரிடம் கொடுப்பதற்குச் சமம். ஏனெனில் ஆரிலிருந்து சிஸ்டம் என்ற ஆணை வழியாக இயங்குதளத்தின் எந்த ஆணையையும் ஓட்டலாம், கோப்புகளை அழிக்கலாம். வாசகர் ஒரு சூத்திரத்தைத் தர வேண்டும் என்றால், மாறிகளின் பெயர்களைப் பட்டியலாகக் காட்டித் தேரச் சொல்லுங்கள். சூத்திரத்தை நீங்கள் கட்டுங்கள். வந்த மதிப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைச் சேவையகத்திலும் ஒருமுறை சரிபாருங்கள், ஏனெனில் பக்கத்தில் காட்டிய பட்டியலைத் தாண்டி எதையும் அனுப்ப முடியும். கோப்பு ஏற்ற அனுமதித்தால், ஷைனியின் இயல்பு வரம்பான 5 மெகாபைட்டைக் காரணமின்றி உயர்த்தாதீர்கள்.

தமிழ் எழுத்துகளும் கடைசிச் சோதனைகளும்

அச்சுகளுக்குத் தமிழில் பெயரிடுபவர்களுக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. உங்கள் கணினியில் அழகாகத் தெரிந்த தலைப்பு, சேவையகத்தில் வெற்றுக் கட்டங்களாக மாறும். அங்கே தமிழ் எழுத்துரு இல்லை என்பதே காரணம். எழுத்துருவை நிறுவிய பின்பும் ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், படத்தை உருவாக்கும் கருவி எழுத்துகளைக் கோக்கத் தெரியாதது என்று பொருள். ராக் என்ற தொகுப்பை நிறுவினால் ஷைனி அதைப் பயன்படுத்திக்கொள்ளும். தமிழின் கூட்டெழுத்துகள் சரியாக அமையும். பக்கத்திலுள்ள தலைப்புகளும் பொத்தான்களும் எச்டிஎம்எல் என்பதால் அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்தால் போதும்.

வெளியிடுமுன் இரண்டு உலாவிகளில் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறந்து, ஒன்றில் செய்யும் மாற்றம் மற்றதில் எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். உள்ளீட்டுப் பெட்டி ஒன்றைக் காலியாக விட்டுப் பாருங்கள். சிவப்புப் பிழைச் செய்தி வந்தால் அந்த இடத்தில் ரெக் என்ற செயற்கூறைச் சேர்த்தால், மதிப்பு வரும்வரை கணக்கு அமைதியாகக் காத்திருக்கும். பிறகு கைப்பேசியில் திறந்து, திரையை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து மீண்டும் பாருங்கள். சேவையகத்தில் ஓடும் பயன்பாடு பெரும்பாலும் மங்கிப்போய் நிற்கும். வாசகர் தேர்ந்தவை எல்லாம் போயிருக்கும். ஷைனியில் புக்மார்க் வசதியை முகவரி முறையில் இயக்கி, மதிப்பு மாறும்போதெல்லாம் உலாவியின் முகவரியையும் புதுப்பித்து வந்தால், ஸ்லைடர் நின்ற இடம் முகவரியிலேயே எழுதப்பட்டுவிடும். பக்கத்தை மறுபடி ஏற்றினாலும், அந்த முகவரியை இன்னொருவருக்கு அனுப்பினாலும், அதே பதினைந்து செவ்வகங்கள் அங்கே இருக்கும்.